ஓடி ஒளியும் பழுது

நின்றுபோன வண்டியைக் கண்டு நான் பயந்தவனில்லை. முப்பத்தாறு வருடம் அரசு பஸ் ஓட்டியவன். டிப்போவிலிருந்து மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு வேப்பமர நிழலில் நிற்கிற ஜாதி டிரைவர் அல்ல. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் படுத்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னை ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு நாள் முட்டாளாக்கியது. மெஷின் முட்டாளாக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். யார் சொல்லி முட்டாளாக்கியது என்று தெரிந்தபோதுதான் எனக்கு நெஞ்சு எரிந்தது.

என் பெயர் ஞானசிகாமணி. நாகர்கோவில். வயது அறுபத்தொன்பது. மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட வந்தவன் தாணுலிங்கம், என்னைவிட மூன்று வயது இளையவன், இருபத்திரண்டு வருடம் என் பஸ்ஸில் கண்டக்டர். நாகர்கோவில் - கன்னியாகுமரி ரூட். பின்னாலிருந்து அவன் ‘ரைட்’ என்று சொன்னால் வண்டியை எடுப்பேன். கண்ணாடியைப் பார்க்கமாட்டேன். யாராவது படியில் தொங்குகிறார்களா, கிழவி ஏறிவிட்டாளா, எதுவும் பார்க்கமாட்டேன். அவன் ரைட் என்றால் ரைட். மற்ற டிரைவர்கள் என்னைப் பைத்தியக்காரன் என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆளுக்குக் கீறல் விழுந்ததில்லை.

கன்னியாகுமரியில் ரோடு முடியும். அதற்கு அந்தப் பக்கம் கடல். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அங்கே வண்டியைத் திருப்பினேன். அப்போதே மனதில் ஒன்று விழுந்துவிட்டது: தெற்கே முடிகிற இடத்தைப் பார்த்தாயிற்று, இதே ரோடு வடக்கே எங்கே முடிகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ரிட்டயராகி, மனைவி போய், பிள்ளைகள் அவரவர் பாட்டைப் பார்க்கப் போன பிறகும் அது மட்டும் போகவில்லை. தாணுவிடம் சொன்னேன். “பைத்தியமாவே ஒமக்கு?” என்றான். மறுநாள் காலையில் பையோடு வந்து நின்றான். அவனுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பின்னால்தான் உட்காருவான், எப்போதும்போல.

முப்பது நாள் ஓட்டி லடாக்கின் வடகோடிக்கு வந்துவிட்டோம். யாங்சென் என்ற பெண் நடத்துகிற டெண்டுக் கடைதான் கடைசி. அதைத் தாண்டினால் நாற்பத்தாறு கிலோமீட்டர். அங்கே ஒரு மைல்கல் இருக்கிறதாம், அதற்கப்பால் தார் கிடையாது, மண்கூடக் கிடையாது, பனிதான். நாற்பத்தாறு! எங்கள் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புகிற தூரம்தான் கொஞ்சம் கூட.

முப்பத்தோராம் நாள் காலை வண்டி கிளம்பவில்லை.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. குளிர் என்று நினைத்தேன். வெயில் ஏறட்டும் என்று விட்டேன். ஏறியும் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி இல்லை. சரி, காயிலில் கோளாறு என்று அதை அவிழ்த்துத் துடைத்து மாட்டினேன். பொறி நீலமாக அடித்தது. “பாத்தீரா!” என்று தாணுவைப் பார்த்துச் சிரித்துவிட்டு பட்டனை அழுத்தினால், பெட்ரோல் வரவில்லை. பம்பைக் கழற்றினேன், பில்டரை ஊதினேன், பெட்ரோல் வந்தது. மறுபடி அழுத்தினால் பொறி இல்லை.

தாணு டெண்டு வாசலில் கல்லின்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாளிலிருந்தே அவன் ஒரு மாதிரிதான். ஒரு வளைவில் என் தோளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து வண்டியோடு இரண்டு பேரையும் ரோட்டில் சாய்த்துவிட்டான். முழங்கை சிராய்த்துவிட்டது. திட்டினேன். பயந்துவிட்டான் என்று நானும் விட்டுவிட்டேன்.

“சவத்த விடும்வே” என்றான் மத்தியானம். “மீட்பு லாரிக்கு வண்டியே சொல்லியிருக்கும்லா. மூணு நாள்ல வந்துரும்.”

“லாரில ஏத்திக்கிட்டுத் தெக்க போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? நான் ஓட்டிக்காட்டுகேன், பாரும்.”

அவன் எழுந்து போய் எனக்கு அந்த ஊர் உப்பு டீ வாங்கி வந்தான். கிரீஸ் கையோடு நான் பிடிக்க முடியாததால் அவனே டம்ளரை என் வாயில் வைத்துப் பிடித்தான். அதை இப்போது நினைத்தால் அந்த டம்ளரைத் தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இரண்டாம் நாள் சாக்கை விரித்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். அந்த உயரத்தில் நாலு நட்டு கழற்றினால் மூச்சு வாங்கும். உட்கார்ந்து உட்கார்ந்து செய்தேன். பொறியைச் சரி செய்தால் பெட்ரோல் போகிறது, பெட்ரோலைச் சரி செய்தால் பொறி போகிறது. கடைசியில் எரிச்சலில், பிளக்கையும் பெட்ரோல் குழாயையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்துக் கண்முன்னால் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். பொறியும் அடித்தது, பெட்ரோலும் பீய்ச்சியது. ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றுவது நின்றுவிட்டது.

அந்த இடத்தில் எனக்கு உறைத்தது. பழுது என்றால் ஒரு இடத்தில் இருக்கும். பல்வலி வந்த பல்லில்தான் வலிக்கும். நான் கை வைக்கிற இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடி ஒளிகிற பழுதை முப்பத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை. இது பழுதே இல்லை. இந்த வண்டி என்னிடம் பொய் சொல்கிறது.

சீட்டுக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வண்டி ஓட்ட வேண்டுமானால் அதை மாட்ட வேண்டும் என்று சட்டம். கண் சொருகினால் ஹேண்டில்பாரை உதறும், தடுமாறினால் வேகத்தைக் குறைக்கும் என்று சொல்லித்தான் மாட்டினார்கள். நடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கை கழுவத் தண்ணீர் கேட்டு யாங்சென்னிடம் போனேன். கன்னியாகுமரிக்கு வருகிற வடக்கத்தி ஆட்களிடம் பொறுக்கிய ஹிந்தி என்னிடம் கொஞ்சம் உண்டு. வண்டி சரியானால் நாளைக்குக் கட்டில் வேண்டாம் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, “உங்கள் தம்பி நேற்றுக் காலையிலேயே மூன்று நாளைக்குச் சேர்த்துச் சொல்லிவிட்டாரே” என்றாள்.

“வண்டி கெட்டுப்போன பிறகா?”

“இல்லை. நீங்கள் அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.”

முகம் கழுவிய பிறகுதான் நான் வண்டிப் பக்கமே போனேன்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் வாங்காமலேயே டெண்டை விட்டு வெளியே வந்தேன்.

தாணு கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தான். நாங்கள் ‘நீரு’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை.

“லேய் தாணு. வண்டி கிளம்பாதுன்னு ஒனக்கு முன்னாடியே எப்பிடிலே தெரியும்?”

அவன் முகம் செத்துப்போனது. ஒரு நிமிடம் மழுப்பப் பார்த்தான். பிறகு மேல்சட்டையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்தான்.

“ஒம்ம லைசன்சு புதுப்பிச்சப்ப ஒரு பொறுப்பாள் பேரு கேட்டாங்கல்லா. மகளப் போட்டா வாசலத் தாண்ட விடமாட்டான்னு எம் பேரப் போட்டீரு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“டெய்லி காலைல ஆறு மணிக்கு எனக்கு ஒரு கேள்வி வரும். ‘இன்று இவர் ஓட்டலாமா?’ன்னு. ஆம், இல்லை, ரெண்டே பட்டன். முப்பது நாளும் ஆம்னுதான் அமுக்குனேன் மக்கா. நேத்தும் இன்னைக்கும் இல்லைன்னு அமுக்குனேன்.”

“இல்லைன்னு அமுக்குனா, நீ ஓட்டாதடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே அந்தப் பெட்டி? என்னத்துக்குக் கெட்டுப்போன மாதிரி நடிக்குது?”

“ஆரம்பத்துல சொல்லிட்டுத்தான் இருந்துச்சாம். வயசாளுக வண்டியப் போட்டு ஒடச்சாங்க, பொறுப்பாளப் போட்டு அடிச்சாங்க. சில பேரு மானம் போச்சேன்னு சோறு தண்ணி இல்லாமப் படுத்துட்டாங்க. அதுக்குப் பெறகு மாத்திட்டாங்க. ஒமக்கு முடியல்லன்னு வண்டி சொல்லாது, எனக்கு முடியல்லன்னு சொல்லும். மரியாதை நிறுத்தம்னு அதுக்குப் பேரு. ஓட்டுகவங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

“மரியாதை!” என்று நான் சிரித்தேன். சிரிப்பு நெஞ்சில் அடைத்து இருமலாக வந்தது.

எனக்கு ரூபி டீச்சரின் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. ரிட்டயரான பிறகு ஊரில் பாதிப் பேர் வண்டியை நான்தான் பார்ப்பேன், பொழுதுபோக்குக்கு. டீச்சருக்கு எழுபத்திரண்டு வயது, அவர்கள் வண்டியிலும் இதே பெட்டி. நாலு நாள் தேடியும் பழுது பிடிபடவில்லை. “டீச்சர், இது இனி ஓடாது, பழைய இரும்புக்குப் போட்டுருங்க” என்று நான்தான் சொன்னேன். வண்டியைத் தடவிக்கொண்டு அழுதார்கள். அதன்பிறகு கோயிலுக்குக்கூட யாராவது கூட்டிப்போனால்தான் என்று ஆகிவிட்டது. பொன்னையா சாரின் வண்டி, ஹவுசிங் போர்டு நெல்சனின் வண்டி... நல்ல வண்டிகள். எல்லாவற்றையும் செத்துவிட்டது என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன். மெக்கானிக்கே சொன்ன பிறகு அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

“நான் என்ன தப்புலே பண்ணுனேன்? முப்பது நாள்ல ஒரு தடவ ஒன்னக் கீழ போட்டேனா?”

“முந்தாநேத்து அந்த வளைவுல என்ன நடந்துதுன்னு தெரியுமா ஒமக்கு?”

“நீ பயந்து தோளப் புடிச்சு இழுத்த.”

“வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டீரு” என்றான். “வலப்பக்கம் பள்ளம். ஆயிரம் அடி. ‘வடசேரி வந்தாச்சு, ரெண்டாவது பிளாட்பாரத்துல எடம் இருக்கான்னு பாரும்’னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டே திருப்புனீரு. நான் இழுக்கலைன்னா நாம ரெண்டு பேரும் இன்னைக்கு இல்ல.”

“பொய்.”

“அன்னைக்குச் சாயந்திரமே இந்தக் கல்லுல இருந்துதான் ஒம்மகிட்டச் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். கேட்டீரு. ‘பயணக் களைப்பு, பதறாதீரு’ன்னீரு. டீ குடிச்சீரு. மறுநாள் காலைல எழும்பி, சிரிச்சுக்கிட்டே ‘இன்னும் நாப்பத்தாறுதான்’னு பையக் கட்டுகீரு. நான் என்ன செய்யட்டும்?”

“நீ சொல்லவே இல்ல!”

“சொன்னேன் மக்கா.”

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாளாக நான் மூச்சு வாங்க நட்டு கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு, டீ புகட்டிக்கொண்டு, பொய்யைப் பொத்தி வைத்திருந்தவன் இவன். அவன் இப்போது உண்மை என்று ஒன்றைச் சொல்கிறான். எதை வைத்து நான் அளப்பது? எனக்கு ஞாபகம் இல்லை என்றால் அவன் சொல்வது சரி. எனக்கு ஞாபகம் இருந்தாலும் மறந்துவிட்டாய் என்று சொல்லிவிடலாம். வேறு யார் பார்த்தார்கள், அந்த வளைவில்? மலைதான் இருந்தது. நேர்மையாக, நடுரோட்டில் வைத்து, ‘ஓட்டாதே, சாகப்போகிறாய்’ என்று அடித்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். பெட்டியை விட்டு நடிக்க வைத்துவிட்டு வந்து சொன்னால் எப்படி நம்புவது?

“ஒன் ஒரு வார்த்தைக்கு இருவத்திரெண்டு வருசம் கண்ண மூடிக்கிட்டு வண்டி எடுத்தேம்லா” என்றேன். “அதுக்கு நல்ல கூலி குடுத்துட்ட. இனி நீ யாரோ, நான் யாரோ.”

அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் பிரித்ததையெல்லாம் ஆத்திரத்தோடு அள்ளி மாட்டி முடித்தேன். யாங்சென் கொண்டுவந்து வைத்த சோற்றைத் தொடவில்லை. அவன் பக்கம் திரும்பாமல் படுத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு தாணு என் கட்டிலுக்கு வந்து நின்றான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. போனை என் கண்ணுக்கு நேராக நீட்டி, நான் பார்க்கப் பார்க்க ‘ஆம்’ என்பதை அழுத்தினான்.

“வாரும். போவோம்” என்றான். “நாப்பத்தாறுதானே. ஒண்ணும் ஆவாது. ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் சேத்து ஆவட்டும். நீரு மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தா என்னால ஊருக்குப் போவ முடியாது.”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை, அவ்வளவு சீக்கிரம் கோபம் ஆறுகிற ஆள் நான் இல்லை. ஆனால் ஷூவை மாட்டும்போது கை துள்ளியது. வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வடக்கே ரோடு வெள்ளையாக நேரே போனது. தாணு பின்னால் ஏறி உட்கார்ந்தான். மெதுவாக “ரைட்” என்றான்.

பட்டனை அழுத்தினேன். பிடிக்கவில்லை.

“லேய்!” என்று திரும்பினேன். “மறுபடியும் ஏமாத்துகியா?”

“எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லவே!” அவன் போனைக் காட்டினான். பச்சையாக, ‘ஆம், அனுமதிக்கப்பட்டது’ என்று இருந்தது. பெட்டியிலும் பச்சை விளக்குதான்.

இறங்கினேன். பிளக்கைப் பார்த்தேன். பொறி அடித்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றினேன். பெட்ரோல் இல்லை. பம்பைக் கழற்றி ஊதி மாட்டினேன். பெட்ரோல் இல்லை. மறுபடி பிளக்கைப் பார்த்தேன், பொறி அப்படியே இருந்தது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பொறி இருக்கிறது, பெட்ரோல் இல்லை. பொறி இருக்கிறது, பெட்ரோல் இல்லை. இந்தத் தடவை பழுது எங்கேயும் ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்றது.

வியர்வை துடைக்கத் துணி எடுக்கலாம் என்று ஜாக்கெட் பையில் கை விட்டேன். துணியோடு ஒன்று வந்தது. கறுப்பாக, சதுரமாக, தீப்பெட்டியில் பாதி அளவு. அடியில் நாலு செம்புக் கால்கள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். புரட்டிப் பார்த்தேன். கிரீஸ் விரல் அடையாளம் அதில் இருந்தது, என் விரல்தான். முந்தின நாள் நான்தான் எங்கிருந்தோ கழற்றியிருக்கிறேன். எங்கிருந்து? இதன் பெயர் என்ன? இது என்ன செய்யும்? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். என் மகள்களின் பெயர் வந்தது, ரூட் நம்பர் வந்தது, வடசேரி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வந்தது. இதன் பெயர் வரவில்லை. வண்டியில் இது உட்காருகிற இடத்தையும் தேடிப் பார்த்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

அதைக் கையில் வைத்தபடியே வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தேன்.

“ஓய்” என்றேன் கடைசியில். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. “இது என்னதுவே?”

தாணு வண்டியிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். இரண்டு நாளாகக் கல்லின்மேல் உட்கார்ந்து நான் கழற்றிய ஒவ்வொன்றையும் பார்த்தவன் அவன். முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

“இது நம்ம வண்டியோடது இல்லவே” என்றான். “இந்தப் பொம்பள ரேடியோ வச்சிருக்காள்லா, அதுல உள்ள சாமானா இருக்கும். கீழ கெடந்துருக்கும், நீரு சாமான் பெறக்கும்போது சேத்து எடுத்துட்டீரு. வண்டி கெளம்பாததுக்கு அந்தப் பெட்டிதான் காரணம். அதுக்கு என்னமோ ஆயிட்டு. நீரு என்ன செய்வீரு?”

சத்தம் கேட்டு யாங்சென் டெண்டுக்கு வெளியே வந்திருந்தாள். நான் அவளிடம் போய் உள்ளங்கையை நீட்டி, இது உன்னுடையதா என்று கேட்டேன். அவள் அதைப் பார்த்தாள். என் தோளுக்குமேல் தாணுவைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

“ஆமாம், என்னுடையதுதான்” என்றாள். “இரண்டு நாளாகத் தேடுகிறேன்.” அதை என் கையிலிருந்து எடுத்து, துடைத்து, டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

அவளும். மூன்று நாள் பழக்கம், என் பாஷைகூடத் தெரியாது, அவளும். எனக்கு அந்த டெண்டையே பிடித்து ஆட்டி, ‘பொய் சொல்லாதீங்க, எல்லாரும் பொய் சொல்லாதீங்க’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருப்பார்கள். நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பார்கள்.

“இருக்கும்” என்றேன். “ரேடியோ சாமான்தான்.”

தாணு என் முழங்கையைப் பிடித்துக் கல்லின்மேல் உட்கார வைத்தான். லாரி மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்று யாங்சென் சொன்னாள். நான் வடக்குப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அது வருகிற ரோட்டைப் பார்த்தபடி இருந்தேன்.